நாலாம் கை இல்லாத மேசை

பாலாவி என்றவுடன் வாசகர்களுள் ஒரு சாராருக்குத் திருக்கேதீச்சரத்துத் தீர்த்தமே நினைவுக்கு வரும். நாம் சொல்லப் புகுவது அந்தப் பாலாவியன்று. கொழும்பிலிருந்து சிலாபம், முந்தல், மதுரங்குளி வழியாகப் புத்தளம் செல்லும் புகையிரதப் பாதையிலே, புத்தளத்துக்கு முன்னே ஒரு நிலையமாக ஒதுங்கி நிற்கும் சிற்றூர்ப் பாலாவி அது. 1926 ஆம் ஆண்டிலே அந்த இருப்புப் பாதை புத்தளத்தைத் தொட்டது. கற்பிட்டிக்குச் செல்லும் வீதி பிரிவதும் அவ்வூரிலேதான். நுரைச்சோலை அனல் மின்நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கிய பின்னர் அவ்வீதியில் லொறிகளின் ஓட்டம் பெருகிவிட்டது. ஆயினும் புகையிரதத்தை விட்டு இறங்குபவனை முதலில் வரவேற்பது இன்றும் அந்தப் பழைய உப்புக் காற்றுத்தான். உதட்டை நாவால் தடவிப் பார்த்தே ஊர் வந்துவிட்டதை நாம் அறிந்துகொள்வதுண்டு.

சென்ற மாதம் எம் தமையனாரின் பேரன் எம் வீட்டில் வந்து தங்கியிருந்தான். பதினேழு வயது. கைத்தொலைபேசியிலே 'போக்கர்' என்னும் கடுதாசி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவன், திடீரெனத் தலையை நிமிர்த்தி எம்மை ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, மேசையில் ஆட்கள் குறைவாக இருந்தால் வந்த கையை எல்லாம் ஆட வேணுமா? இல்லாவிட்டால் நல்ல கை வரும் மட்டும் பொறுத்திருக்க வேணுமா?"

பணம் வைத்து ஆடுகிறாயா என்று முதலில் விசாரித்தோம். வெறும் புள்ளிகள்தாம் என்று சத்தியம் செய்தான். வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை 94 ஆவதாக, கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவிலே வைத்திருக்கும் அழகை அவனுக்கு எடுத்துக் கூறினோம். பொறுமையாகக் கேட்டான். பின்னர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டான். பிள்ளைகளின் இந்தக் குணம் எமக்குப் பிடிக்கும்.

போக்கரை நாம் ஆடியதில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடி, 1979 ஆம் ஆண்டிலே ஒரு முழு வருடம் பாலாவியில் எம் வீட்டு விறாந்தையில் மூவர் தலையை உடைத்துக்கொண்டிருந்தோம். அக்கதையை அவனுக்குச் சொன்னது போலவே இங்கும் சொல்லலாமென்று எண்ணுகிறோம்.

எம் தாயார் பருத்தித்துறைப் பக்கத்தவர். சீதனமாகக் கொண்டுவந்தவற்றுள் எவரும் எழுத்தில் பதியாத ஒன்று, முந்நூற்று நாலு என்னும் ஆட்டத்திலே அவருக்கிருந்த தேர்ச்சி. இந்த ஆட்டத்தை அறியாத இலங்கைத் தமிழர் மிகச் சிலரே. அறியாத இளைஞருக்காகச் சுருக்கமாகக் கூறுவோம். கட்டிலே ஏழு முதல் ஆசு வரையுள்ள 32 கடுதாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. நால்வர் இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து எதிரெதிரே இருப்பர். முதலில் ஆளுக்கு நான்கு கடுதாசி கிடைக்கும். அந்த நான்கை மட்டும் பார்த்தே 'நூற்றறுபது', 'நூற்றெழுபது' என்று கேட்க வேண்டும். கூடக் கேட்டவர் துரும்பு இனத்தைத் தெரிந்து ஒரு கடுதாசியைக் கவிழ்த்து வைப்பார். அதன் பிறகே மற்ற நான்கும் வரும். அதாவது, பாதிக் கையைப் பார்த்து முழுக் கைக்கு வாக்குக் கொடுக்கிற ஆட்டம் இது.

இனங்களின் பெயரிலே ஒரு சரித்திரம் உண்டு. சிங்கள மக்கள் இஸ்கோப்ப, ஹாரத, கலாபர, ருவித என்பர். இவை நான்கும் ஒல்லாந்தரின் சொற்கள். கற்பிட்டியில் அவர்கள் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டை எம்மூரிலிருந்து வெகுதூரமன்று. கோட்டையைக் கட்டினவர்களின் ஆட்சி போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர்களுடைய கடுதாசிப் பெயர்கள் மட்டும் எங்கள் விறாந்தையிலே தங்கிவிட்டன. தமிழிலே துரும்பென்றால் அற்பப் பொருள். ஆட்ட மேசையிலே அதே துரும்பில் ஒரு ஏழு விழுந்தால் மறு இனத்து ஜாக்கியும் வெட்டுண்டு போகும். இந்தச் சிலேடையைத் தாயார் வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்.

தகப்பனாரும் தமையனாரும் ஒரு கூட்டு. தாயாரும் நாமும் மறு கூட்டு. பந்தயம் புளியங்கொட்டை. பால்மாப் பேணி ஒன்றிலே அவை கிடக்கும். ஒவ்வொரு நாளும் இராச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பன்னிரண்டு கை ஆடுவோம்.

தகப்பனார் அடக்கமான ஆட்டக்காரர். முதல் நான்கிலே ஒரே இனத்து ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வந்தாலொழிய வாய் திறக்கமாட்டார். அப்படி வருவது நால்வர் ஆட்டத்தில் ஏறத்தாழ 21 கைக்கு ஒருமுறைதான். அதாவது இரண்டு இரவுக்கு ஒருமுறை. மற்ற வேளையெல்லாம் "எனக்கில்லை" என்ற ஒரே சொல். தமையனாரோ நேர்மாறு. ஜாக்கி ஒன்றைக் கண்டாற் போதும், நூற்றெழுபதுக்குத் தாவுவார். விந்தை என்னவென்றால், இந்தப் பொருத்தமில்லாக் கூட்டே பெரும்பாலும் வென்றது. தமையனார் துணிந்து கேட்பார்; தகப்பனார் கேளாமல் மறைத்து வைத்திருந்த ஆசும் பத்தும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அவரைக் காப்பாற்றும். ஒருவருடைய அடக்கத்துக்கு மற்றவருடைய துணிவு பிணையாக நின்றது. அதை அக்காலத்தில் எவரும் உணரவில்லை. தம் பொறுமையே வெல்கிறதென்று தகப்பனார் எண்ணியிருந்தார். தம் துணிவே வெல்கிறதென்று தமையனார் எண்ணியிருந்தார்.

1979 ஆம் ஆண்டு வைகாசியிலே தமையனார் தொழில் தேடி டோகாவுக்குப் போனார். கட்டுநாயக்காவில் வழியனுப்பிவிட்டு வந்த அன்றிரவு எவரும் பேணியைத் தொடவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தாயார் கட்டை எடுத்து ஏழுகளையும் எட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அந்த எட்டுக் கடுதாசிகளையும் நூலாற் சுற்றிப் பேணியின் அடியிலே வைத்தார். மிஞ்சியவை 24, ஆளுக்கு எட்டு. நீக்கியவற்றுக்குப் பெறுமதி இல்லையாதலால் மொத்தம் 304 ஆகவே நின்றது. கூட்டு இல்லை. கேட்டவர் ஒருவர், எதிர்ப்பவர் இருவர். கேட்டதை எடுத்தால் ஆளுக்கு ஒரு கொட்டையாக இரண்டு வரும். தவறினால் ஆளுக்கு இரண்டாக நான்கு போகும். ஒருவருமே கேளாமல் கை கலைந்தால் மூவரும் ஒவ்வொரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். அடுத்துக் கேட்டு வெல்பவருக்கு அந்தக் குவியலும் உரியது. கேட்டவர் தோற்றால் குவியல் அப்படியே கிடக்கும். இது தாயார் விதித்த விதி.

ஆள் குறைந்த மேசையின் மயக்கம் முதல் இரவிலேயே எம்மைப் பிடித்துக்கொண்டது. கையெல்லாம் பெருங்கையாகத் தோன்றியது. நால்வர் ஆட்டத்தில் முதல் நான்கு கடுதாசிகளிலே ஒரு ஜாக்கியாவது வருவது நூற்றுக்கு 43 தடவை. மூவராகி 24 கடுதாசியானதும் அது 54 ஆயிற்று. சராசரிக் கையின் பெறுமதி 76 இலிருந்து 101 க்கு உயர்ந்தது. நாம் வந்ததையெல்லாம் கேட்டோம், வரிசையாகத் தோற்றோம். காரணம் எளியது. கூட்டாளி இருந்த காலத்தில் இருவர் கைக்கும் சேர்த்து 152 சராசரியாக வரும். 160 கேட்டால் இன்னும் எட்டுத்தான் தேட வேண்டும். இப்போதோ தனிக் கையில் 101 ஐ வைத்துக்கொண்டு 160 ஐத் தேட வேண்டியிருந்தது. கை பருத்திருந்தது உண்மை. தோள் ஒன்று குறைந்திருந்ததும் உண்மை. மேசையில் விழுவதை வாரி எடுப்பதை ஒரு பிடி என்றால், எட்டுப் பிடிக்கு 304. ஒரு பிடிக்கு 38. நூற்றறுபதுக்கு நாலு பிடி போதாது. ஐந்தாவதின் ஓரத்தையாவது தொட வேண்டும். வெறும் ஜாக்கி ஒன்றை நம்பி இது முடியாது.

தகப்பனார் இதை முன்னரே உணர்ந்தவர் போலப் புன்னகையோடு "எனக்கில்லை" என்றார். அவருடைய ஜாக்கி ஒன்பதுச் சோடி இப்போது 12 கைக்கு ஒருமுறை, அதாவது இரவுக்கு ஒருமுறை வந்தது. வந்தபோதெல்லாம் அநேகமாக வென்றார். இருந்தும் மாதம் முடியுமுன் அவருடைய பங்குக் கொட்டைகள் தீர்ந்து போயின.

எப்படி? அவர் தோற்றுத் தீரவில்லை, இருந்து தீர்த்தார். ஒருவரும் கேளாத கைக்கு ஒன்று. தாயார் கேட்டு வென்ற கைக்கு ஒன்று. ஒவ்வொன்றாகப் போனதால் அவருக்கு நோகவில்லை. தாயாரோ ஒரு ஜாக்கியும், அதே இனத்தில் துணைக்கு இன்னொன்றும் இருந்தாற் கேட்பார். அது மூன்று கைக்கு ஒருமுறை வரும். ஆனால் அவருடைய கண் கையில் மட்டும் இருக்கவில்லை என்பதைக் கண்டுகொள்ள எமக்குப் பல நாள் சென்றது. நடுவே குவியல் இல்லாதபோது அவரும் பல கைகளை விட்டுவிடுவார். ஆறு கொட்டை சேர்ந்துவிட்டால் அதே கையை, அதைவிட மெலிந்த கையைக்கூட, கேட்பார்.

அக்காலத்தில் நாம் பள்ளிக்கூடத்திலே விகிதம் படித்துக்கொண்டிருந்தோம். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் இதை எழுதிப் பார்த்தோம். மாணவ நேயர்கள் தாமும் செய்து பார்க்கலாம். நடுவில் ஒன்றுமில்லை என்றால் வென்றால் 2, தோற்றால் 4. ஆறு தடவை கேட்டால் நான்கு தடவையாவது வென்றால்தான் நட்டமில்லை. அதாவது நூற்றுக்கு 67. நடுவில் 3 இருந்தால் வென்றால் 5, தோற்றால் 4, ஒன்பதுக்கு நான்கு போதும், நூற்றுக்கு 44. நடுவில் 6 இருந்தால் வென்றால் 8. பன்னிரண்டுக்கு நான்கு, நூற்றுக்கு 33. கடுதாசி அதேதான். நேற்று மூடத்தனமாயிருந்த கேள்வி இன்று புத்தியாகிறது. இடையிலே மாறியது குவியல் ஒன்றே.

இக்கணக்கை மிகுந்த பெருமையோடு தகப்பனாரிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"கணக்குச் சரி, தம்பி. ஆனால் எனக்குக் கை வருகுதில்லையே" என்றார்.

இனி உப்பளத்துக்கு வருவோம். களப்போரத்திலே தகப்பனாருக்குச் சில உப்புப் பாத்திகள் இருந்தன. கடல் நீரைத் தெப்பங்களில் விட்டு வெயிலிலும் காற்றிலும் வற்ற வைத்து, படிப்படியாக நகர்த்திக் கடைசிப் பாத்திக்குக் கொண்டுவருவது முறை. போமே மானியிலே கடல் நீர் மூன்று மூன்றரைப் பாகை காட்டும். வற்ற வற்ற முதலில் சுண்ணச் சத்தும், பின்னர் ஜிப்சமும் அடியிற் படியும். 25 பாகையைக் கடந்ததும் உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30 க்கு மேல் விட்டால் கைப்புச் சத்துச் சேர்ந்துவிடும். பூத்தவுடன் வாரினால் உப்பு மெல்லியதாயும் மண் கலந்ததாயும் இருக்கும். சில நாள் பொறுத்து, புதிய பாணியை விட்டுப் படிய வைத்தால் கட்டியாயும் வெண்மையாயும் திரளும். விலையும் நன்றாகக் கிடைக்கும். பொறுப்பவனுக்குப் பலன் உண்டு, மழை வராதிருந்தால். ஒரு மணி நேர மழை போதும், ஒரு மாதத்து வெயிலைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

தகப்பனார் பொறுப்பதிலே பெயர் பெற்றவர். அவருடைய உப்பு வெள்ளைக்காரி என்று ஊரிலே பகிடி பண்ணுவர். பல வருடம் அந்தப் பொறுமை பலித்தது. மேகம் கறுக்கக் கண்டதும் தமையனாரும் அவருடைய தோழர்கள் நால்வரைந்து பேரும் பலகையும் கூடையுமாக இறங்கி, இரண்டே நாளில் எல்லாப் பாத்தியையும் வாரிக் குவித்துக் கிடுகால் மூடிவிடுவார்கள். மேகம் தெரிந்த பிறகு ஓடினாலும் போதுமாயிருந்தது.

1979 இலே அந்தக் கைகள் இல்லை. தமையனாரின் தோழர்களில் இருவர் அவரைப் போலவே வளைகுடாவுக்குப் போய்விட்டனர். மிஞ்சியவர் அயல்வீட்டு நானாவும் அவர் மகனுமே. அவர்களோடு தகப்பனாரும் பள்ளிவிட்டு வரும் நாமும். முன்பு இரண்டு நாளில் முடிந்தது இப்போது ஆறு நாளைக் கேட்டது. மேகமோ ஆறு நாள் தவணை தருவதில்லை.

ஆவணிக் கடைசியிலே உப்பு நன்றாகப் பூத்துக் கிடந்தது. நானா வந்து வேலியோரம் நின்று, "அண்ணே, வாரத் தொடங்குவமா?" என்று கேட்டார். தகப்பனார் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகமில்லை. இன்னும் ஒரு கிழமை கிடக்கட்டும் என்றார். அந்தக் கிழமை முடிந்ததும் இன்னுமொரு கிழமை. புரட்டாதியில் ஒரு பிற்பகல் காற்று திசை மாறிற்று. நாங்கள் ஐந்து பேரும், தாயாருங்கூட, இருட்டும் மட்டும் வாரினோம். ஒரு பாத்தியும் மறு பாத்தியில் பாதியும். இரவு மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தபோது மற்றப் பாத்திகளெல்லாம் கண்ணாடி போல நீர் நிறைந்து வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அத்தனை அழகான காட்சியை அத்தனை வெறுப்போடு நாம் பார்த்தது அதுவொரு முறைதான்.

அந்த மாரியில் எம் பள்ளிக் கட்டணத்துக்குத் தாயாரின் காப்பு ஒன்று அடைவுக்குப் போயிற்று. டோகாவிலிருந்து கடுதாசி வர மூன்று கிழமை. காசு வர அதனிலும் மேல். ஒரே சொல்லாற் குறிக்கப்படும் இருவகைக் கடுதாசிகளில் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு மற்றதை ஆடினோம்.

அடுத்த வருடம் உப்புப் பூத்த அன்றிரவு, ஆட்டத்தின் நடுவிலே, தாயார் தலை நிமிராமலே சொன்னார்:

"இஞ்சேருங்கோ, நாளைக்கே வாரத் தொடங்குங்கோ."

"மேகமில்லையே."

"மேகம் வந்தால் வார ஆளில்லையே."

தகப்பனார் மறுமொழி சொல்லவில்லை. கையிலிருந்த கடுதாசிகளை வரிசை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். விடியற்காலை நானாவைக் கூப்பிட அவரே போனார். ஆறு நாளில் எல்லாம் வாரி முடிந்தது. உப்பு மெல்லியது, சற்று மங்கல். வியாபாரி உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தான். அதன் பின் நாலு கிழமைக்கு ஒரு துளி மழை இல்லை! பொறுத்திருந்த அயற்பாத்திக்காரர்களெல்லாம் கட்டிக் கட்டியாக வெள்ளை உப்பை வாரிக் குவித்தார்கள்.

நாம் எதிர்பார்த்தது ஒரு வீட்டுச் சண்டை. தகப்பனார் ஒரு வார்த்தை பேசவில்லை. அயல் உப்புக் குவியலின் வெண்மையைப் பற்றி நாம்தான் விவேகமில்லாமல் வாய் திறந்தோம். "அவருக்கு எட்டுப் பேர் நிற்கினம், தம்பி. எனக்கு எட்டுப் பேர் நின்றிருந்தால் நானும் பொறுத்திருப்பேன்" என்றார். தாயார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு தீர்மானம் சரியா பிழையா என்பதை அதன் முடிவைக் கொண்டு அளக்காமல், தீர்மானிக்கும் வேளையில் கையிலிருந்ததைக் கொண்டு அளந்த மனிதரை அன்றே முதன்முறை கண்டோம். அதற்குப் பின்பும் அதிகம் பேரைக் கண்டதில்லை. நாமும் அவ்வகையினரல்லர், தோற்ற கையை மூன்று நாளைக்கு மனத்தில் வைத்து உழப்பும் வர்க்கம்.

அன்றிரவு ஆட்டத்தில் மூன்று கை தொடர்ந்து ஒருவரும் கேளாமல் கலைந்து, நடுவில் ஒன்பது கொட்டை குவிந்துவிட்டது. நாலாம் கையில் முதற் கேள்வி தகப்பனாருக்கு. நான்கு கடுதாசிகளையும் நெடுநேரம் பார்த்தார். "எனக்கில்லை" என்பதை எதிர்பார்த்து நாம் எம் கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

"நூற்றெண்பது" என்றார்.

தாயார் அவருடைய முகத்தையே பார்த்தார். நூற்றெண்பதை எம் வீட்டிலே அவர் வாயால் நாம் கேட்டதேயில்லை. ஆட்டம் முடிந்து எண்ணினோம். 172. தாயார் நம்பாமல் இரண்டாம் முறையும் எண்ணினார், 172 தான். கையை விரித்துக் காட்டினார் தகப்பனார். முதல் நான்கில் கலாபர ஜாக்கியும், அதனோடு ஒரு பத்தும், உதவாத இரண்டும். நான்கு கொட்டையை எண்ணி எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். குவியல் அப்படியே கிடந்தது. நான்கு கொட்டைக்கு பதினொன்றை எதிர்பார்த்த கேள்வி அது; நூற்றுக்கு 27 தடவை வென்றாற் போதும். கொப்பியை அவர் வாசித்திருந்தார் என்று தெரிந்துகொண்டோம்.

இவ்வளவையும் கேட்ட பேரன், "சரி தாத்தா, போக்கருக்கு என்ன விடை?" என்றான். இக்காலப் பிள்ளைகளுக்குக் கதை வேறு, விடை வேறு!

அவன் விளக்கியதைக் கொண்டு நாம் விளங்கிக்கொண்டது இதுதான். போக்கரிலே எம் தாயாரின் விதியை விடக் கடுமையான விதி ஒன்றுண்டு. கடுதாசியைக் காணுமுன்பே இருவர் முறைப்படி குவியலில் வைத்தாக வேண்டும். ஒன்பது பேர் மேசையில் அந்தப் பாக்கியம் ஒன்பது கைக்கு இரண்டு முறை. மூவர் மேசையில் மூன்று கைக்கு இரண்டு முறை. இருந்து தீர்வது அங்கே மும்மடங்கு வேகம். அன்றியும் எதிராளிகள் குறையும்போது பெருங்கை எதிரே இருக்கும் அச்சமும் குறைகிறது. முதலிரண்டு கடுதாசியும் சோடியாக வருவது எவருக்கும் 17 க்கு ஒருமுறை. எதிரே எட்டுப் பேர் இருந்தால் அவர்களில் ஒருவரிடமாவது சோடி இருப்பது நூற்றுக்கு ஏறக்குறைய 38. எதிரே இருவர் மட்டுமென்றால் 11. ஆகவே ஆள் குறையக் குறையக் கையைத் தளர்த்துவது அங்கே நியாயமே. ஆனால் எமது முந்நூற்று நாலிலே கூட்டாளி போனது போன்ற இழப்பு போக்கரில் இல்லை. அங்கே எப்போதும் தனியாள்தான். இந்த வேற்றுமையைக் கவனியாமல் ஓர் ஆட்டத்தின் புத்தியை மற்றதற்குக் கடன் வாங்கக் கூடாது என்று எச்சரித்தோம்.

இன்னொன்றும் சொன்னோம். ஜோன் வொன் நொய்மான் என்னும் கணித மேதை 1928 இலேயே இத்தகைய ஆட்டங்களை ஆராய்ந்தவர். ஒஸ்கார் மோர்கென்ஸ்டேர்னோடு சேர்ந்து 1944 இல் வெளியிட்ட பெருநூலிலே போக்கரைச் சுருக்கிக் கணக்கிட்டுக் காட்டினார். நல்ல கைக்கு மட்டும் கூடக் கேட்பவனை எதிரி எளிதில் அறிந்துவிடுவான்; ஆகையால் மிக மோசமான சில கைகளிலும் இடையிடையே கூடக் கேட்க வேண்டும் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. 2017 இல் இருவர் ஆட்டத்திலும் 2019 இல் அறுவர் ஆட்டத்திலும் கைதேர்ந்த மனிதர்களை வென்ற கணனிகளும் அப்படித்தான் ஆடுகின்றனவாம். எம் தகப்பனார் வாய் திறந்தால் ஜாக்கியும் ஒன்பதும் என்பதை நாம் பதினைந்து வயதிலே அறிந்திருந்தோமென்றால், கணனி அறியாதா?

பேரன் போக்கரை மூடிவிட்டுப் பேணியைக் கேட்டான். அது இன்னும் எம்மிடம் உண்டு. கொட்டைகள் கறுத்து மெருகேறிப் போயின. தமையனாரும் அன்று வீட்டிலிருந்தார். மூவரும் விறாந்தையிலே பாய் விரித்து இருந்தோம். தமையனார் பழக்கமில்லாத விரல்களால் ஏழுகளையும் எட்டுகளையும் பொறுக்கத் தொடங்கினார். மூவர் ஆட்டத்தை அவர் ஆடியதே இல்லை. அவர் இல்லாதபோது பிறந்த ஆட்டமல்லவா அது! பாதி பொறுக்கியிருப்பார். எம் மனைவி முந்தானையிற் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரே இருந்து, "அதுகளை ஏன் எடுக்கிறியள்? நான் ஒருத்தி இருக்கிறேனே" என்றார்.

தமையனார் எட்டையும் ஏழையும் கட்டுக்குள்ளே திருப்பிப் போட்டார்.